முதல் டியூபில் தண்ணீர்

செய்தி வந்தபோது நான் ஒரு லாரி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பைக்கை முன்னாலும் தள்ள முடியவில்லை, பின்னாலும் இழுக்க முடியவில்லை. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. வேப்பனப்பள்ளி சில்லிங் சென்டரில் பால் வாங்கிக் குளிரவைத்து நமக்கு அனுப்பும் முனிராஜ்.

"சார், வண்டி ஓட்டிக்கினு இருக்கறீங்களா? ஓரமா நில்லுங்க."

"ஓட்டுனாத்தானடா நிக்கிறதுக்கு! விஷயத்தச் சொல்லு."

"நம்ம திலகா மேடம் போயிட்டாங்க சார்."

"லீவுலதானே இருக்காங்க? எங்க போனாங்க?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தர்மபுரியில் அண்ணன் வீட்டில், காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முனிராஜைத் திட்டினேன். "அண்ணன் என்ன செஞ்சாரு? உடனே சேலத்துக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே? டாக்டர் என்ன புடுங்கிக்கிட்டு இருந்தாரு?" என்று நடுரோட்டில் கத்தினேன். அந்த லாரி டிரைவர் இறங்கி வந்து, "என்னா சார், யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். அவரையும் திட்டினேன். பாவம், தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனார்.

கேன்டீனில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், இரண்டு வார்த்தை சொன்னேன், வெளியே போய்விட்டேன். அது மரியாதைக் குறைவு என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நின்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாடசாமி, கோவில்பட்டிக்காரன், இந்த ஆலையில் சீஸ் செய்பவன். திலகவதி மேடம் லேப் பொறுப்பாளர். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன நாட்களை விட ஒத்துப்போகாத நாட்கள்தான் அதிகம்.

ஆலைக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லேபில் உயரமான ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் எப்போதும் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கிருமிகளின் மேல் ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை எடுக்க, பொடிக் கண்ணாடி மணிகள் போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டியூபுகளை வெகுநேரம் குலுக்க வேண்டும். அதற்கென்று மெஷின் உண்டு. நம்மிடம் இல்லை. மேடம் டியூபுகளை ஒரு டப்பாவில் அடுக்கி, டப்பாவைக் கையில் பிடித்துக் குலுக்கிக்கொண்டே தாழ்வாரத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடப்பார். கேன்டீன் ஆட்கள் "மேடம் கிலுகிலுப்பை ஆட்டறாங்க, புள்ள எங்க?" என்று கேலி செய்வார்கள். "புள்ளைங்க எல்லாம் உள்ளதாங்க இருக்கறாங்க, கோடிக்கணக்குல" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடப்பார்.

எங்கள் முதல் சண்டை சீஸைத் தட்டுவது பற்றி. நாம் செய்யும் வட்டமான சீஸைச் சக்கரம் என்றுதான் சொல்வோம். மெழுகு பூசி, குளிர் அறையில் பலகைகளில் மாதக்கணக்கில் பழுக்க வைப்போம். தினமும் நான் முதல் ராக்கில் தொடங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போவேன். கெட்டியாகச் சத்தம் வந்தால் சரி. பொக்கென்று வந்தால் உள்ளே ஏதோ காற்று கட்டுகிறது என்று அர்த்தம். மேடம் வந்த புதிதில் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "தட்டுனா இருக்குதுன்னு தெரியும் சார். யாரு இருக்கறதுன்னு தெரியுமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, கதவத் தட்டுனா ஆள் இருக்கானான்னுதான் பாக்க முடியும். ஆதார் வாங்கவா முடியும்?" என்று இப்போது எழுதக் கை போகிறது, ஆனால் அப்போது ஆதாரெல்லாம் ஏது? "ரேஷன் கார்டா கேக்க முடியும்?" என்றுதான் கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, "நான் கேக்கறேங்க" என்றார்.

அப்படிக் கேட்பதற்குத்தான் பி.சி.ஆர். மெஷின் வந்தது. பெங்களூரில் மூடிவிட்ட ஒரு லேபிலிருந்து பழைய மெஷினாக வாங்கிக்கொண்டு, கம்பெனி வேனில் நானும் அவரும் வந்தோம். எல்லையில் வண்டியை நிறுத்தி, என்ன மெஷின் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் இறங்கிவிட்டார். "டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். அத ஒண்ண ரெண்டாக்கி, ரெண்ட நாலாக்கி, கோடிக்கணக்குல காப்பி எடுத்துத் தரும்." கேட்டவர் தலையாட்டிவிட்டு, "ஜெராக்ஸ் மெஷினுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா" என்று எழுதிக்கொண்டார். வழி முழுக்க நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு சரியாத்தான் எழுதியிருக்கறாரு. அழுக்குப் பேப்பர் வெச்சா அழுக்கத்தான் காப்பி எடுக்கும்" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய முறைப்படி லேபில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் கிருமிகளுக்குச் சாப்பாடு வைத்து, வளர்கிறவர்களை எண்ணுவார்கள். எம்.டி.க்கு அதுவே போதும் என்று எண்ணம். மேடம் ஒருநாள் அவரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பந்தியில உக்காந்தவங்கள மட்டும் எண்ணிட்டு, ஊர்ல இவ்ளோ பேருதான்னு சொல்லலாமாங்க சார்? நம்ம சாப்பாடு புடிக்காதவன், வெக்கப்படறவன், வீட்டுல படுத்துத் தூங்கறவன் எல்லாம் இருக்கறான். சீஸுக்குள்ள ஒரு ஊரே இருக்குது. டி.என்.ஏ. எடுத்தா வீடு வீடாப் போயிப் பாத்த மாதிரி." எம்.டி. சிரித்துவிட்டார். மெஷினுக்குச் சம்மதம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. காலையில் தட்டிக்கொண்டே போகிறேன், ஒரு சக்கரம் பொக்கென்றது. அடுத்ததும் பொக்கு. அதற்கடுத்தது மேலே உப்பி மெழுகு விரிந்து கிடந்தது. அந்த வாரத்துக்குள் ராக் ராக்காகச் சக்கரங்கள் பொருமி வெடித்தன. வெட்டினால் உள்ளே கிழிந்த பொத்தல்கள், குழந்தை கக்கியது போன்ற நாற்றம். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். உப்பை மாற்றினேன், பாலில் விடும் உறையை மாற்றினேன், ஆட்களை ஷிஃப்ட் மாற்றினேன். வீட்டில் சோற்றில் கை வைத்தால்கூட அந்த நாற்றம்தான் அடித்தது.

வெடித்த சக்கரங்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, யார் என்று கண்டுபிடித்தது மேடம்தான். பாலைக் காய்ச்சினாலும் சாகாமல், விதை போல ஓட்டுக்குள் சுருண்டு கிடந்து, குளிர் அறையில் மாதங்கள் போன பிறகு விழித்துக் காற்று கட்டுகிற ஒரு கிருமி. ஈரத்தீவனத்தைச் சரியாக மூடாமல் குழியில் ஊறப்போடும் இடங்களில் பெருகி, மாட்டின் சாணம் வழியாக மடியில் ஒட்டிப் பாலுக்கு வந்துவிடும். யார் என்பது தெரிந்துவிட்டது. எந்த ஊர்ப் பாலில் வருகிறது என்பதுதான் தெரிய வேண்டும். பால் கொள்முதல் மேலாளருக்கு அப்போதே ஒரு முடிவு இருந்தது. "வேப்பனப்பள்ளி ரூட்தான். மேங்கோ ஃபேக்டரித் தோலத்தான் அங்க மாட்டுக்குப் போடறான். தூரம் வேற. நிறுத்திடலாம்." நிறுத்தினால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வேறு வாங்குகிறவர்கள் அப்போது இல்லை. மழை பொய்த்து, மாமரமும் ஏமாற்றிய வருடம். பால்தான் அவர்களுக்கு அடுப்பு எரித்தது. மேடம், "சோதிச்சுட்டு சொல்றேங்க. அதுவரைக்கும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

அந்த இடைவெளியில்தான் ஆயுத பூஜை வந்தது.

நமக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பாய்லர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சுண்டலும் பொரியும் தின்று தீர்ப்போம். மேடத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. லேபில் இருந்த எல்லாவற்றையும் துடைத்து ஒரே மேஜையில் வாழையிலை போட்டு அடுக்கினார். சொட்டு அளந்து ஊற்றுகிற பைபெட்டுகளையும் அடுக்கினார். லேபில் இரண்டு அறை. ஒன்றில் சோதனைக்கு டியூபுகளைத் தயார் செய்வார்கள். மற்றதில், மெஷின் கோடிக்கணக்கில் காப்பி எடுத்து முடித்த டியூபுகளைத் திறந்து பார்ப்பார்கள். அந்த அறைப் பொருள் இந்த அறைக்கு வரவே கூடாது. அதற்காக ஒரு பைபெட்டில் சிவப்பு டேப்பும் மற்றதில் நீல டேப்பும் ஒட்டியிருந்தார். சந்தனம் வைக்க இடமில்லை, பிசுபிசுப்பு வேறு என்று பூஜைக்காக அவரே அந்த டேப்புகளை உரித்தார். இரண்டும் ஒரே மாதிரி பைபெட். மஞ்சள், குங்குமம், கற்பூரம், சாமி கும்பிட்டாயிற்று. எடுத்து வைக்கும்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. இப்படிப்பட்ட தவறு உலகத்தில் வேறு எந்த ஊர் லேபிலாவது நடக்குமா?

பூஜை விடுமுறை முடிந்து, எல்லா ரூட்டின் பாலையும் சோதித்தார். வேப்பனப்பள்ளி டியூபில் பளிச்சென்று ஒரு கோடு. அதற்கடுத்த டியூபில் மங்கலாக ஏதோ. மற்றவை காலி. டியூபில் இருப்பதை ஜெல்லில் ஓடவிட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள்; கோடு இருந்தால் கிருமி இருக்கிறது. அவர் சொன்னதை எம்.டி. ரூமில் எல்லோரும் கேட்டோம். மறுநாள் காலை வேப்பனப்பள்ளிக்கு டேங்கர் போகவில்லை. மேலாளர் எனக்கு மைசூர்பாகு கொடுத்தார். நானும் தின்றேன். சக்கரம் வெடிப்பது நிற்கப்போகிறது என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

மேடம் தின்னவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். "என்ன மேடம், இன்னும் கிலுகிலுப்பையா? அதான் கண்டுபிடிச்சாச்சுல்லா?" என்று கேட்டேன்.

"வேப்பனப்பள்ளி பால்தான் தினமும் முதல்ல வருது சார். அதனால அதத்தான் முதல்ல டியூபுல விடறேன். அது ஒண்ணுதான் என்னமோ இடிக்குது."

"முதல்ல வந்தா என்ன, கடைசியா வந்தா என்ன? பாலு பாலுதான்."

"அதாங்க, பாத்துடலாமேன்னு."

மறுபடியும் சோதித்தார். அதே பால்தான், வரிசையை மட்டும் தலைகீழாக்கினார். இம்முறை முதலில் விட்டது சூளகிரி ரூட். கடைசியில் வேப்பனப்பள்ளி. கோடு பளிச்சென்று சூளகிரியில் விழுந்தது. வேப்பனப்பள்ளி சுத்தமாகக் காலி. மூன்றாவது முறை, பாலே இல்லாமல் வெறும் தண்ணீரை முதல் டியூபில் விட்டார். தண்ணீரிலும் கோடு! என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நீல வெளிச்சத்தில் அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"முதல்ல யார ஏத்தினாலும் அவந்தான் குத்தவாளி சார். இந்தப் பைபெட்டுக்குள்ள பழைய சீஸோட காப்பி ஒட்டிக்கினு இருக்குது. முதல் சொட்டுல அது விழுது. போகப் போகக் கொறையுது. நாந்தான் டேப்ப உரிச்சேன்." பைபெட்டின் இடுக்கில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, பயம். "ஏம்மா, வாய மூடிக்கிட்டு இருங்க. புதுப் பைபெட் வாங்கி, சத்தமில்லாம இன்னொரு தடவ செய்யுங்க. இதப் போய் வெளிய சொன்னீங்கன்னா மெஷினும் போயிரும், உங்க வேலையும் போயிரும்" என்றேன். அவர் நின்றார். அவர் நின்று நான் பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. "அதுவரைக்கும் அவங்க பால என்ன பண்ணுவாங்க சார்? குடிச்சா தீந்துடுமா?" என்று கேட்டுவிட்டு நேராக எம்.டி. ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தப்பு பால்ல இல்லீங்க சார், என் கையில" என்றுதான் ஆரம்பித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. சந்தனம் வரைக்கும் சொன்னார். முதலில் மேலாளர்தான் பேசினார். "வந்தது வந்துபோச்சு. அந்த ரூட் எப்படியும் தலவலிதான். நிறுத்தினது நிறுத்தினதாவே இருக்கட்டும்."

"ரூட்ட நிறுத்தறது உங்க இஷ்டங்க. ஆனா என் டெஸ்ட்டச் சொல்லி நிறுத்தாதீங்க. அந்தக் கோடு பொய்."

"ஒருவேளை அங்கதான் நிஜமாவே இருந்துச்சுன்னா?" என்றார் மேலாளர்.

"இருக்கலாங்க. தப்பாப் போட்ட கணக்குக்கு சரியான விடை வந்தா, அது விடையில்லீங்க. அதிர்ஷ்டம்."

எம்.டி. என் பக்கம் திரும்பினார். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "வேப்பனப்பள்ளி பாலு வரட்டும் சார். ஒவ்வொரு ரூட் பாலையும் தனித்தனியாக் காய்ச்சி, தனித்தனிச் சக்கரமா வைக்கேன். மேடம் டெஸ்ட் பண்ணட்டும், நான் தட்டிப் பாக்கேன். ரெண்டும் ஒண்ணா வந்தா நம்பலாம்." எம்.டி. மேஜையில் இருந்த மைசூர்பாகு டப்பாவை மூடிவிட்டு, "சரி, டேங்கரை அனுப்புங்க" என்றார். மேடத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டேங்கர் போனால் போதாது என்றார் மேடம். தானும் போக வேண்டுமாம். நான்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். சில்லிங் சென்டர் வாசலில் பால் ஊற்ற வந்த பெண்கள் கேனோடு நின்றிருந்தார்கள். முனிராஜ் மேடத்தைக் காட்டியதும் எல்லம்மா என்கிற அம்மாள் முன்னால் வந்தார். மூன்று மாடு வைத்திருப்பவர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். "ஏமம்மா, மா பாலலோ விஷமுந்தா?" என்று கேட்டார். எங்கள் பாலில் விஷமா இருக்கிறது என்று கேட்கிறார். பிறகு தமிழுக்கு மாறினார். "கறந்த பால கால்வாயில ஊத்தினேன்ம்மா. என் மாடு என்னப் பாத்துக்கினே நின்னுச்சு. பக்கத்துக் கொல்லைக்காரி எல்லம்மா பால்ல பூச்சின்னு ஊரு பூரா சொல்லிட்டா. இப்ப வந்து என்னா சொல்லப்போற?"

மேடம் வெயிலில் நின்றுகொண்டே சொன்னார். என் கருவியில் அழுக்கு, உங்கள் பாலைக் குற்றம் சொன்னது என் தப்பு. "மன்னிச்சுடுங்க" என்று கை கூப்பினார். எல்லம்மா மன்னிக்கவெல்லாம் இல்லை. கேனைத் தூக்கித் தராசில் வைத்து, "ஊத்திக்கோ" என்று முனிராஜிடம் சொன்னதோடு சரி. திரும்பும் வழியில் மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு மேடம், "அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரி வீடு எதுன்னு கேட்டிருக்கலாம் சார். அங்கயும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதத்தைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். அறைகளைச் சுவர் வைத்துப் பிரித்தார். லேபில் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக் கோட்டைக்கூட அறைக்கு ஒன்றாக இரண்டு வைத்துக்கொண்டார். பாலில் அந்தக் கிருமி மிகவும் கொஞ்சம், ஓட்டுக்குள் சுருண்டு கிடப்பதால் நேரடியாகத் தேடினால் அகப்படாது என்று, பாலை முதலில் சூடாக்கி, அவர்களைத் தட்டியெழுப்பி, சில நாள் வளரவிட்டு, பிறகு டி.என்.ஏ. எடுத்தார். ஒவ்வொரு முறையும் முதல் டியூபில் தண்ணீர். தண்ணீரில் கோடு இல்லை என்று தெரிந்தால்தான் மற்றதைப் பார்ப்பார். வரிசையையும் தினம் ஒரு மாதிரி மாற்றுவார்.

முடிவு வந்த அன்று என்னைத் தேடிக் குளிர் அறைக்கே வந்துவிட்டார். இரண்டு ரூட்டில் நிஜமான கோடு. ஒன்று ராயக்கோட்டைப் பக்கத்து ரூட். அதை யாரும் சந்தேகப்படவே இல்லை. இன்னொன்று வேப்பனப்பள்ளி.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "அய்யய்யோ, மேடம்! இப்பத்தானே போய்க் கும்பிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்போ மேலாளர் சொன்னது சரியாப் போச்சே!"

"பாதி சரிங்க. அவரு பேச்சக் கேட்டு ஒரு ஊர நிறுத்தியிருந்தா, இன்னொரு ஊரு பால்ல சக்கரம் வெடிச்சுக்கினேதான் இருக்கும். அப்ப யார நிறுத்துவோம்? சூளகிரியையா?" என்று கேட்டார். இரண்டு மாதம் போய் நான் தட்டியபோது, பொக்கென்று சொன்னவை அந்த இரண்டு ரூட்டின் சக்கரங்கள்தான். என் முட்டியும் அவருடைய மெஷினும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றையே சொன்னது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்த இரண்டு மாதம் அவர் காத்திருக்கவில்லை. முடிவு வந்த மறுநாளே வேப்பனப்பள்ளிக்குக் கிளம்பினார். நான் வரமாட்டேன் என்றேன். அடிப்பார்கள் என்று பயம். ஆனாலும் போனேன், தனியாக விட மனம் வரவில்லை. எல்லம்மா எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கி என்னா, இருக்குதா இல்லியா?" என்று கேட்டார். "இருக்குதுங்கம்மா. இந்தத் தடவ என் கை சுத்தம், நாலு தடவ பாத்துட்டேன். தோலப் பச்சையாப் போட்டா பரவால்ல. குழியில போட்டு ஊறினதப் போடறீங்க பாருங்க, அதுலதான் வருது" என்றார் மேடம். குழியைக் காட்டச் சொல்லி, அதற்குள் இறங்கியே விட்டார். புடவை முழுக்க மாம்பழத் தோல் அழுகல். எல்லம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் மேடம் எம்.டி.யிடம் சண்டை போட்டு ஒன்றைச் சாதித்தார். குழித்தோல் போடும் மாதங்களில் அந்த இரண்டு ரூட் பாலும் பாக்கெட் பாலுக்கும் தயிருக்கும் போகும். அங்கே அந்தக் கிருமிக்கு வேலையில்லை. மற்ற மாதங்களில் சீஸுக்கு வரும். டேங்கர் ஒருநாள்கூட நிற்காது. இன்றுவரை நிற்கவில்லை.

அதிலிருந்துதான் நம் லேபில் ஆயுத பூஜை இரண்டு தட்டில் நடக்கிறது. ஓர் அறைப் பொருளுக்கு ஒரு தட்டு, தனிக் கற்பூரம். மற்ற அறைக்கு இன்னொரு தட்டு, வெளியே போய்ச் சுற்றி வந்து வேறு கதவு வழியாக உள்ளே நுழைய வேண்டும். சரஸ்வதி படமும் இரண்டு. புதியவர்கள் இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

தர்மபுரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கிற நேரம். கூட்டத்தில் முனிராஜ் நின்றான். அவன் பக்கத்தில் எல்லம்மா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "நீங்க எங்கம்மா இவ்வளவு தூரம்?" என்றேன்.

"பால் வேணான்னா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க சார். வண்டி வராது. அதோட தெரிஞ்சிக்கணும். எங்க அப்பன் காலத்துலயிருந்து அப்பிடித்தான். இந்தம்மா ஒருத்திதான் இல்லன்னு சொல்லவும் வந்தா, இருக்குதுன்னு சொல்லவும் வந்தா. பக்கத்துக் கொல்லைக்காரி வீட்டுக்கும் போயிச் சொல்லிட்டு வந்தா, அது தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லாமல் பஸ் பிடித்துப் போயிருக்கிறார்! அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

என் போனில் அவர் நம்பர் இன்னும் இருக்கிறது. அந்த மெஷினைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னார், "செத்தவனுக்கும் உயிரோட இருக்கறவனுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாதுங்க. டி.என்.ஏ. இருந்தா கோடு போடும்." போனும் அப்படித்தான் இருக்கிறது. பெயரைத் தேடினால் முன்போலவே வருகிறது. அழிக்க மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

இந்த வருடப் பூஜை அவர் போய்ப் பத்து நாளுக்குள் வந்தது. வேண்டாம் என்று சிலர் சொன்னீர்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். லேபில் இப்போது இருக்கும் ஜோதி முதல் தட்டுக்குக் கற்பூரம் காட்டினாள். இரண்டாம் தட்டை நான் வாங்கிக்கொண்டு, வெளியே இறங்கி, பாய்லரைச் சுற்றி, மறு கதவு வழியாகப் போனேன். காற்றில் கற்பூரம் இரண்டு முறை அணைந்தது. விடுமுறை முடிந்து முதல் டியூபில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். கோடு இல்லை. சுத்தமாக இருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த முதல் டியூப்தான். என்னை உங்களுக்குத் தெரியும், எடுத்ததற்கெல்லாம் கை நீட்டிக் குற்றம் சொல்கிறவன். ஒருவரைச் சொல்லும் முன் உன் கையைப் பார், அது சுத்தமாக இருந்தால் வரிசையை மாற்றிப் பார், பிறகு வாயைத் திற. அவர் இதை எனக்கு உபதேசமாகச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒட்டிக்கொண்டது.

செய்தி வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். லாரி டிரைவரை வைத்துப் பார்த்தேன். மேடத்தின் அண்ணனை வைத்துப் பார்த்தேன், அந்த மனிதர் தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறார். டாக்டரை வைத்துப் பார்த்தேன். நம் ஆலை வேலையை வைத்துப் பார்த்தேன். முதலில் வைத்தவர்களைக் கடைசியிலும், கடைசியில் வைத்தவர்களை முதலிலும் வைத்தேன். ஒரு டியூபிலும் கோடு இல்லை, மேடம். யார் மேலும் தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை. இந்தக் கோபத்தைக் கொண்டுபோய் நான் எங்கே கொட்டுவது?

இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்தால் அந்த டப்பாவை ஜோதியிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். தாழ்வாரத்தில் குலுக்கிக்கொண்டே நடக்கிறேன். மூன்று நாளாக அந்தப் பெண் எனக்காக ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்கிறாள். அதன் மேல் கைப்பை இல்லை. நான் உட்காரவில்லை.